யார் இழந்த சீனா? அமுக்கக் குழுக்களும் அமெரிக்க வெளிநாட்டுக் கொள்கையும்: ஒரு விமர்சன நோக்கு

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை அந்நாட்டின் தேசிய நலனிலிருந்து பிறக்கின்றது என்பது அரசறிவியலின் பாலபாடம். புவியியல் அமைவு, படைவலு, பொருளாதாரத் தேவை, வரலாற்று அனுபவம் ஆகியவற்றை நிறுத்துப் பார்த்து ஆட்சியாளர் முடிவெடுக்கின்றனர் என்று பாடநூல்கள் கூறும். இதற்கு நேர்மாறான கூற்றொன்றும் உண்டு. பணபலமும் பத்திரிகைப் பலமும் கொண்ட சிறு குழுவொன்று அரசின் கையைப் பிடித்து எழுதவைக்கின்றது என்பது அக்கூற்று. முன்னையது அரசை அறிவின் உருவாகக் காட்டும். பின்னையது அதனைக் கைதியாகக் காட்டும். இரண்டிலும் அரசு குற்றமற்றதாகிவிடுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விரு கூற்றுக்களையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல்லாக அமைவது, 1940களிலிருந்து 1971 வரை ஐக்கிய அமெரிக்காவில் இயங்கிய 'சீன லொபி' எனப்பட்ட அமுக்கக் குழுவின் வரலாறு. அதன் தொடக்கம், வளர்ச்சி, வீழ்ச்சி ஆகிய மூன்றும் இன்று முழுமையாகப் பார்வைக்குக் கிடைக்கின்றன. அதன் விளைவுகள் அமெரிக்க எல்லைக்குள் அடங்கிவிடவுமில்லை. 1952இல் இலங்கையின் அரிசிப் பானையையும் அவை தொட்டன.

நூலொன்றின் கதை

இவ்விடயம் பற்றிய முதற் பெரும் ஆய்வு றொஸ் கோயன் எழுதிய 'அமெரிக்க அரசியலிற் சீன லொபி' என்னும் நூலாகும். மக்மிலன் நிறுவனம் 1960இல் இதனை அச்சிட்டது. ஆயின் நூல் பரவலாக விற்பனைக்கு வருமுன்னரே வெளியீட்டாளர் அதனை மீளப் பெற்றுக்கொண்டனர். கோமிந்தாங் அதிகாரிகள் சிலருக்குப் போதைப்பொருட் கடத்தலிற் பங்குண்டு என நூலிலே காணப்பட்ட ஒரு குறிப்பினை அமெரிக்க அரசின் போதைப்பொருட் பணியகத்தின் தலைவர் மறுத்தமை இதற்குக் காரணமாயிற்று. சில பிரதிகள் மாத்திரமே நூலகங்களைச் சென்றடைந்தன. பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1974இல், வேறொரு நிறுவனத்தினூடாகவே நூல் மறுபிறவி எடுத்தது. அதற்குள் நிக்சன் பீக்கிங் சென்று திரும்பியிருந்தார். நூலைப் படித்து எவரும் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை.

சர்ச்சைக்குள்ளான அந்தக் குறிப்பின் உண்மை பொய் ஒருபுறமிருக்க, அக்குறிப்பு நூலின் மையப்பொருள் அன்று என்பதில் ஐயமில்லை. ஒரு குறிப்பின் பொருட்டு ஒரு முழு ஆய்வு பதினான்கு ஆண்டுகள் வாசகரிடமிருந்து விலக்கப்பட்டது. கோயன் தமது நூலில் எடுத்துக்கூற முயன்ற செய்தியை அந்நூலுக்கு நேர்ந்த கதியே கூறிவிட்டது எனலாம்.

லொபியின் அங்கங்கள்

'லொபி' என்றவுடன் பாராளுமன்ற முன்மண்டபத்தில் உறுப்பினருக்காகக் காத்து நிற்கும் கூலித் தரகரே நினைவுக்கு வருவர். சீன லொபி அத்தகைய தனி அமைப்பன்று. அதற்குத் தலைமையகமோ உறுப்புரிமைப் பட்டியலோ இருக்கவில்லை. வேறுவேறு நோக்குடையோர் ஒரே திசையில் இழுத்தமையாலேயே அது வலுப் பெற்றது.

அதன் நடுவில் இருந்தோர் கோமிந்தாங் அரசின் பிரதிநிதிகளும் சியாங் கை ஷேக்கின் உறவினரும் ஆவர். சியாங்கின் துணைவியார் சூங் மெய்லிங் அமெரிக்காவிலே கல்வி கற்றவர். 1943 பெப்ரவரியில் அவர் கொங்கிரசின் இரு சபைகளிலும் உரையாற்றிப் பெற்ற வரவேற்பு மிகப் பெரிது. அவருடைய சகோதரர் ரி. வி. சூங் வொஷிங்டனின் அதிகார வட்டாரங்களிற் செல்வாக்குடன் உலவியவர். அமெரிக்கா சியாங்குக்கு வழங்கிய உதவியின் ஒரு பகுதி, மேலும் உதவி பெறுவதற்கான பிரசாரமாக அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. 'ரிப்போர்ட்டர்' சஞ்சிகை 1952 ஏப்ரலில் இரண்டு இதழ்களில் இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது.

இவர்களைச் சுற்றி நின்றோர் அமெரிக்கர். 'ரைம்', 'லைஃப்' சஞ்சிகைகளின் அதிபர் ஹென்றி லூஸ், சீனாவிற் பணியாற்றிய கிறிஸ்தவ மதபோதகரின் மகனாகச் சீனாவிலேயே பிறந்தவர். கிறிஸ்தவராகிய சியாங்கின் தலைமையில் ஒரு புதிய சீனா எழும் என்பது அவருக்குக் குடும்ப நம்பிக்கை போன்றது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வோல்டர் ஜட் சீனாவில் மருத்துவ மதபோதகராக இருந்தவர். கலிபோர்ணியாவின் செனட்டர் வில்லியம் நோலன்ட், தாய்வானுக்காக இடைவிடாது பேசியமையாற் 'போமோசாவின் செனட்டர்' என்று எள்ளப்பட்டவர். அல்பிரெட் கோல்பேர்க் சீனத்துக் கைக்குட்டைகளையும் பூவேலைத் துணிகளையும் இறக்குமதி செய்து பொருளீட்டிய வணிகர். பசுபிக் உறவுகள் நிறுவகம் என்ற ஆய்வமைப்பின் வெளியீடுகள் பொதுவுடைமைச் சார்புடையன என்று 1944இல் முதன்முதற் குற்றஞ்சாட்டிய பெருமை இவருக்குரியது. 1946இல் இவரும் சேர்ந்து உருவாக்கிய அமெரிக்க சீனக் கொள்கைச் சங்கம் இப்பிரசாரத்தின் முக்கிய வாயில்களுள் ஒன்றாயிற்று.

இவர்களையெல்லாம் கூலிக்கு மாரடித்தோர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது பிழையாகும். லூசும் ஜட்டும் தாம் நம்பியதைப் பேசியவர்கள். சியாங்கின் முகவர்கள் தமது அரசின் உயிருக்காகப் பேசினர். குடியரசுக் கட்சியினருட் பலருக்குச் சீனா ஒரு தேர்தல் ஆயுதம். 1948இல் கைக்கெட்டிய ஜனாதிபதிப் பதவி வாய்க்கெட்டாமற் போனதன் பின்னர் அவ்வாயுதம் மேலும் கூர்மை பெற்றது. ஒரே கோஷத்தின்கீழ் நம்பிக்கையும் நலனும் கட்சிப் போட்டியும் ஒன்றுசேர்ந்தன. பணத்தை மாத்திரம் தேடிச் செல்லும் ஆய்வாளன் இச்சேர்க்கையின் வலுவைத் தவறவிடுவான்.

லொபியால் முடியாதவை

சீன லொபியின் வலிமையை மிகைப்படுத்துவோர் 1949ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. லொபியின் குரல் உச்சத்தில் இருந்த அக்காலத்திலேயே சியாங்கின் ஆட்சி பெருநிலத்திலிருந்து துடைத்தெறியப்பட்டது. அதனைக் காப்பாற்ற அமெரிக்கா படை அனுப்பவில்லை. 1949 ஓகஸ்டில் இராஜாங்கத் திணைக்களம் வெளியிட்ட ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட வெள்ளையறிக்கை, சீனாவின் உள்நாட்டுப் போரின் முடிவு அமெரிக்காவின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று கூறியது. 1950 ஜனவரி 5ஆந் திகதி, தாய்வானிலுள்ள சியாங்கின் படைகளுக்கு இராணுவ உதவி வழங்கப்படமாட்டாது என ஜனாதிபதி ட்ரூமன் பகிரங்கமாக அறிவித்தார். அமெரிக்க அரசு சியாங்கைக் கைகழுவும் நிலையில் இருந்தது.

இந்நிலையை மாற்றியது லொபியன்று, கொரிய யுத்தம். 1950 ஜூன் 25இல் யுத்தம் மூண்டது. இரண்டு நாட்களில் அமெரிக்காவின் ஏழாவது கடற்படை தாய்வான் நீரிணைக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியிற் சீனப் படைகள் கொரியாவினுள் அமெரிக்கப் படைகளுடன் நேரடியாக மோதின. அதன்பின் சியாங்கைக் கைவிடுமாறு கூற எந்த அமெரிக்க அரசியல்வாதிக்கும் துணிவு இருக்கவில்லை.

அவ்வாறாயின் அதற்கு முன்னர் லொபி எதனைச் சாதித்தது? அது வென்ற இடங்களைப் பார்த்தால் அவை யாவும் கொங்கிரசின் பணப்பெட்டியை ஒட்டியே அமைந்திருக்கக் காணலாம். 1948இல் ஐரோப்பிய மீட்சிக்கான மார்ஷல் திட்டத்துக்குக் கொங்கிரசின் ஒப்புதலை வேண்டி நின்றது அரசு. அதே வேளையிற் சீன உதவிச் சட்டமும் நிறைவேற நேர்ந்தது; படைத் தேவைகளுக்குப் பயன்படக்கூடிய 125 மில்லியன் டொலர் விசேட மானியமும் அதிற் சேர்ந்திருந்தது. 1950 ஜனவரியிற் கொரியாவுக்கான உதவி மசோதா பிரதிநிதிகள் சபையில் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. அடுத்த மாதம், சியாங்குக்கான உதவிக் காலத்தை நீடிக்கும் ஏற்பாடும் இணைக்கப்பட்டதன் பின்னர், அது நிறைவேறியது. அரசு விரும்பிய ஒன்றைத் தடுத்து நிறுத்தி, அதற்கு விலையாக வேறொன்றைப் பெறுவதே இங்கு கையாளப்பட்ட உத்தி. சியாங்கை வெற்றிபெறச் செய்ய இதனால் முடியவில்லை. அவருக்கு எழுதப்பட்ட காசோலையை நிறுத்தவிடாமற் செய்ய முடிந்தது.

அறிந்தோர் அகற்றப்பட்டமை

லொபியின் உண்மையான சாதனை வேறிடத்தில் நிகழ்ந்தது. 'சீனாவை இழந்தது யார்?' என்ற வினாவை அது அமெரிக்கப் பொதுவாழ்வின் நடுவில் நாட்டியது. இவ்வினாவின் சாமர்த்தியம் அதன் இலக்கணத்தில் இருக்கின்றது. இழப்பதற்கு முதலில் உடைமை இருக்கவேண்டும். ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாடு அமெரிக்காவின் உடைமையாக இருந்ததா என எவரும் கேட்கவில்லை. இழந்தவன் யார் என்றே எல்லோரும் தேடினர். சீன விவசாயியின் நிலப்பசி, பணவீக்கம், கோமிந்தாங் அதிகாரிகளின் ஊழல், யப்பானிய ஆக்கிரமிப்பு விட்டுச்சென்ற சிதைவு ஆகிய காரணங்கள் யாவும் வினாவின் அமைப்பிலேயே மறைந்தன. எஞ்சியது ஒரு துரோகியைத் தேடும் வேட்டை.

வேட்டையில் அகப்பட்டோர், சீனாவை உள்ளவாறு அறிந்திருந்த இராஜதந்திரிகளாவர். ஜோன் சேர்விஸ் மதபோதகரின் மகனாகச் சீனாவில் வளர்ந்தவர். 1944இல் யெனானுக்குச் சென்று பொதுவுடைமையாளரின் வலுவையும் மக்கள் ஆதரவையும் நேரிற் கண்டு அறிக்கை அனுப்பியவர். 1951 டிசம்பரில் அவர் பதவி நீக்கப்பட்டார். 1957இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்நீக்கம் முறையற்றது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜோன் கார்ட்டர் வின்சென்ற் 1953இல் ஓய்வுபெற நிர்ப்பந்திக்கப்பட்டார். ஜோன் பேற்றன் டேவிஸ் மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட பின்னரும், 1954 நவம்பரில் இராஜாங்கச் செயலாளர் டலஸ் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார். சீனாவின் வருங்காலம் யார் கையில் என்பதைப் பத்தாண்டுகளுக்கு முன்னரே சரியாக எடைபோட்ட அவர், பெரு நாட்டின் லீமா நகரில் தளபாடம் செய்து வாழ்ந்தார்.

பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை. ஓவன் லற்றிமோர் மீது 1950இல் மக்காத்தி சுமத்திய குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவேயில்லை. எனினும் 1951-52இல் மக்கரன் தலைமையிலான செனட் உபகுழு அவரையும் பசுபிக் உறவுகள் நிறுவகத்தையும் நீண்ட விசாரணைக்கு உட்படுத்தியது. அவர்மீது தொடுக்கப்பட்ட பொய்ச்சாட்சிய வழக்கு 1955இற் கைவிடப்பட்டது. ஆசிய ஆய்வின் முக்கிய களமாக விளங்கிய நிறுவகமோ மீண்டும் தலைநிமிரவில்லை.

இங்கேதான் லொபியின் செல்வாக்கை அளக்கும் சரியான அளவுகோல் கிடைக்கின்றது. எத்தனை மசோதாக்களை அது நிறைவேற்றியது என்று எண்ணுவது போதாது. எத்தனை அறிக்கைகள் எழுதப்படாமற் போயின, எத்தனை அதிகாரிகள் மேலிடம் விரும்பாத உண்மையை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்தனர் என்றும் கேட்கவேண்டும். இதற்கான சான்று பின்னாளில் எதிர்பாராத ஒருவரிடமிருந்து வந்தது. வியட்நாம் யுத்தத்தை நடத்திய பாதுகாப்புச் செயலாளர் றொபேட் மக்னமாரா 1995இல் வெளியிட்ட நினைவுநூலில், தமது அரசு அறியாமையிலே தீர்மானங்களை எடுத்தமைக்கு, டேவிஸ், சேர்விஸ், வின்சென்ற் போன்ற சீன நிபுணர்கள் 1950களில் அகற்றப்பட்டமையை ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். ஜனாதிபதி ஜோன்சனோ, வியட்நாமை இழப்பதால் எழக்கூடிய புயலுடன் ஒப்பிடுகையிற் சீன இழப்பு அற்பமாகிவிடும் என அஞ்சியதைப் பதவி விலகிய பின்னர் வெளிப்படுத்தினார். கைக்குட்டை வணிகர் ஒருவர் 1944இல் தொடங்கிய குற்றச்சாட்டுக்கும் 1965இல் வியட்நாமில் இறங்கிய படைகளுக்கும் இடையே நேர்கோடு வரைவது வரலாற்றை எளிமையாக்குவதாகும். ஆயினும் இடையில் ஒரு வெற்றிடம் இருந்தது. ஐயம் எழுப்பியிருக்கக்கூடியவர்கள் இருக்கவேண்டிய இடத்தில் எவரும் இருக்கவில்லை.

பத்து இலட்சம் கையொப்பங்கள்

1953 ஒக்டோபரிற் பொதுவுடைமைச் சீனாவை ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்க்கலாகாது எனக் கோரும் மனுவொன்று ஜனாதிபதி ஐசனோவரிடம் கையளிக்கப்பட்டது. அதற்குப் பத்து இலட்சம் பேரின் கையொப்பத்தைத் திரட்ட எழுந்த அமைப்பே 'பத்து இலட்சவர் குழு' எனப்பட்டது. இக்குழுவின் வரலாற்றை ஸ்ரான்லி பக்ராக் 1976இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இரு கட்சிகளையும் சேர்ந்த கொங்கிரஸ் உறுப்பினரின் பெயர்களைப் பெற்றுப் பத்திரிகைகளில் வெளியிடுவது இதன் பிரதான முறை. பெயர் கொடுப்பதால் உறுப்பினருக்குச் செலவில்லை. கொடாதவருக்கோ அடுத்த தேர்தலிற் பதில் கூறவேண்டிய சங்கடம். சீனாவைப் பற்றிச் சிந்தித்திராதோரும் பெயர் கொடுத்தமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பக்ராக்கின் ஆய்வில் மிக முக்கியமானது, அவர் விடை காணாது விட்டுச்சென்ற ஒரு வினாவாகும். இக்குழுவின் தோற்றத்தில் மத்திய உளவு நிறுவனத்துக்குப் பங்கிருந்திருக்கலாம் என்ற ஐயத்தை அவர் எழுப்பினார். ஆவணங்களைப் பெற முயன்றும் ஐயம் தீரவில்லை. அவ்வையம் உண்மையாயின், அரசின்மீது அமுக்கம் செலுத்தியதாகக் கருதப்பட்ட குழு அரசின் ஓர் உறுப்பினாலேயே ஊட்டி வளர்க்கப்பட்டதாகும். ஐயம் பொய்யாயினும், 1953இன் பின்னர் லொபி கோரியதும் இராஜாங்கச் செயலாளர் டலஸ் செய்ததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. இத்தகைய வேளையில் யார் யாரை அமுக்குகின்றார் என்று கூறுவது அரிது. திறந்த கதவைத் தள்ளுபவனின் தோள்வலிமையை அளக்க முடியாது.

இலங்கையின் அரிசி

இக்கொள்கையின் சுமை வொஷிங்டனில் மாத்திரம் உணரப்படவில்லை. 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருட்களை அனுப்பலாகாது எனத் தீர்மானித்தது. இறப்பரும் அத்தகைய பொருளாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றிய 'பற்றில் சட்டம்', அத்தகைய பொருட்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு விற்கும் அரசுகளுக்கு அமெரிக்க உதவியை மறுத்தது. 1952இல் மேலை நாடுகள் சீனாவுக்கென அமைத்த தனிக்குழு, சோவியத் ஒன்றியத்துக்கு விதித்ததிலும் கடுமையான தடைப்பட்டியலைச் சீனாவுக்கு விதித்தது.

இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாக இருக்கவில்லை. 1955 டிசம்பரிலேயே அது அனுமதி பெற்றது. சீன மக்கள் குடியரசை 1950 ஜனவரியில் அது அங்கீகரித்திருந்தது. 1952இல் அரிசி விலை ஏறியது. கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை சரிந்தது. அரிசியை வாங்கி இறப்பரை விற்று வாழும் நாட்டுக்கு இது இருபக்க இடி. டட்லி சேனநாயக்காவின் அரசு பொதுவுடைமையை எதிர்த்த அரசு. ஆயினும் அவ்வரசின் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா 1952 டிசம்பரிற் பீக்கிங்கில் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசியைச் சீனா வழங்கும். 50,000 தொன் இறப்பரை இலங்கை வழங்கும். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலையைச் சீனா கொடுத்தது.

இதன் விளைவாக இலங்கை பற்றில் சட்டத்தின்கீழ் அமெரிக்க உதவிக்குத் தகுதியற்றதாயிற்று. 1956இலேயே அந்நிலை மாறியது. அதே சட்டத்தின்கீழ், கிழக்கைரோப்பாவுடன் வர்த்தகம் செய்த பிரித்தானியா, பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளுக்கு ஜனாதிபதி விதிவிலக்கு அளித்து உதவியைத் தொடர்ந்தார் என்பது ஒப்புநோக்கற்பாலது. இலங்கையில் அரிசி எத்துணை கூர்மையான அரசியற் பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, 1953 ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது; இரண்டு மாதங்களிற் பிரதமர் பதவி துறந்தார்.

பற்றில் சட்டம் சீன லொபியின் நேரடிப் படைப்பு என்று கூறுவதற்கில்லை. உலகளாவிய கெடுபிடி யுத்தத்தின் சட்டம் அது. ஆனால் ஒரு சட்டத்தில் விதிவிலக்குக்கு இடமிருக்கும்போது, யாருக்காக விதிவிலக்குக் கோரப்படுகின்றது, யாருக்காகக் கோரப்படுவதில்லை என்பது சூழலைப் பொறுத்தது. ஐரோப்பாவுக்காகப் பேச வொஷிங்டனிற் பலர் இருந்தனர். சீனாவுடன் வர்த்தகம் செய்யும் ஒரு சிறிய ஆசிய நாட்டுக்காகப் பேச முன்வருபவர், தாமே விசாரணைக்கு ஆளாக நேரிடும் என அஞ்சவேண்டிய காலம் அது.

வீழ்ச்சியும் பின்னரும்

இருபது ஆண்டுகள் அசைக்கமுடியாதது எனத் தோன்றிய இக்கட்டுமானம் வீழ்ந்த விரைவு வியப்புக்குரியது. 1966இல் செனட்டர் புல்பிரைட் நடத்திய பகிரங்க விசாரணைகளிற் சீன அறிஞர்கள் மீண்டும் வாய்திறந்தனர். 1969இல் உசூரி ஆற்றங்கரையிற் சீனப் படைகளும் சோவியத் படைகளும் மோதின. மொஸ்கோவுக்கு எதிரே பீக்கிங்கை நிறுத்தும் வாய்ப்பு அமெரிக்காவுக்குத் தென்பட்டது. 1971 ஜூலையிற் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பீக்கிங் சென்றார். 1971 ஒக்டோபர் 25இல் 76 வாக்குகள் சார்பாகவும் 35 எதிராகவும் அளிக்கப்படச் சீன மக்கள் குடியரசு ஐக்கிய நாடுகள் சபையில் இடம்பெற்றது. 1972 பெப்ரவரியில் நிக்சன் பீக்கிங்கில் இறங்கினார். அதே நிக்சன் 1950களில் லொபியின் நண்பர்களுள் ஒருவராக இருந்தவர். சீனாவை விற்றுவிட்டார் என அவரைக் குற்றஞ்சாட்டக்கூடியவர்கள் அவருடைய சொந்தக் கட்சியினரே.

அரசு தனது உலக நலனுக்கு மாற்றம் தேவை என முடிவுசெய்தபோது லொபியால் அதனைத் தடுக்க முடியவில்லை. ஆயின் அம்மாற்றம் இரகசியமாகவே செய்யப்பட வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது. இராஜாங்கத் திணைக்களத்துக்குங்கூட மறைத்துச் செய்யப்பட்ட பயணம் அது. லொபியின் நிழல் கடைசி நாள்வரை அவ்வளவு நீண்டிருந்தது.

பின்வந்த காலத்திலும் இருவகை அமுக்கமும் தொடர்ந்தன. 1994இல் தாய்வானின் ஆளுங்கட்சியுடன் தொடர்புடைய ஆய்வமைப்பொன்று வொஷிங்டனின் லொபி நிறுவனமொன்றை 45 இலட்சம் டொலருக்கு அமர்த்தியது. 1995இல் தாய்வான் ஜனாதிபதி லீ தெங்-ஹுய்க்கு விசா வழங்குமாறு பிரதிநிதிகள் சபை 396-0 எனவும் செனட் 97-1 எனவும் வாக்களித்தன. மறுத்து நின்ற அரசு பணிந்தது. அதனைத் தொடர்ந்து சீனா தாய்வானை அண்டிய கடலில் ஏவுகணைகளைச் செலுத்த, 1996 மார்ச்சில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் அணிகள் இரண்டு அப்பகுதிக்கு அனுப்பப்பட்டன. 2000ஆம் ஆண்டிலோ, அமெரிக்காவின் பெருங் கம்பனிகள் ஒருங்கிணைந்து உழைத்து, சீனாவுக்கு நிரந்தர வர்த்தக உரிமை வழங்கும் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் 237-197 என்ற வாக்குகளால் நிறைவேற்றுவித்தன. ஒரே நாட்டைப் பற்றி ஐந்தாண்டுக்குள் எதிரெதிர்த் திசைகளில் அமுக்கம் வென்றது. முன்னையதிற் பெயர் கொடுப்பது உறுப்பினருக்குச் செலவற்றது. பின்னையதிற் பெரும் இலாபம் காத்திருந்தது.

மதிப்பீடு

கோயனின் நூலைக் காலங்கடந்து படிக்கும் வாசகனுக்கு அதன் நிறைவும் குறைவும் ஒருங்கே புலப்படும். அச்சம் ஆட்சி செய்த காலத்தின் நினைவு மாறாதிருக்கையில், பெயர் சுட்டி, சான்று தொகுத்து எழுதியது அதன் நிறைவு. கூலிபெறும் முகவருக்கும் நம்பிக்கையினால் இயங்கியோருக்கும் இடையே அது வேறுபாடு காண்பதும் ஆய்வு நேர்மைக்குச் சான்று. ஆனால் லொபி தலையிட்டிராவிடில் அமெரிக்கக் கொள்கை அறிவின்வழி சென்றிருக்கும் என்ற நம்பிக்கை அதன் அடியிலே கிடக்கின்றது. கொரிய யுத்தமும் கெடுபிடி யுத்தத்தின் உலகத் தர்க்கமும் அந்நம்பிக்கைக்கு இடந்தரவில்லை. சியாங்கைக் கைவிட எண்ணிய அதே அரசுதான் 1950இல் இந்தோசீனாவிற் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சிக்கு உதவத் தொடங்கியது. அதற்குச் சீன லொபி தேவைப்படவில்லை.

மறுபுறம், லொபி என்பது ஆளும் வர்க்கத்தின் ஊதுகுழல் மாத்திரமே என்ற விளக்கமும் இங்கு போதாது. இருபது ஆண்டுகளாக உலகின் மிகப்பெரிய சந்தைகளுள் ஒன்றை அமெரிக்க முதலாளிகள் பிரித்தானியருக்கும் யப்பானியருக்கும் விட்டுக்கொடுத்தமையை இலாப நோக்கு விளக்காது. தேர்தல் அச்சமும் மதப்பற்றும் புண்பட்ட தேசியப் பெருமிதமும் வர்க்க நலனையே சில காலம் மறித்து நிற்கக்கூடும். நிற்கும் காலத்தில் அவை விளைவிக்கும் சேதம் மெய்யானது.

எனவே அமுக்கக் குழுவை ஆராய்வோர் வினாவை மாற்றியமைத்தல் வேண்டும். கொள்கையை ஆக்கியது யார் என்பதோடு, அக்கொள்கையைத் திருத்துவதற்கான வழிகளை அடைத்தது யார் எனவும் கேட்டல் தகும். அரசுகள் தவறு செய்வது இயல்பு. சீனாவைப் பற்றிய தவறை 1954இலோ 1961இலோ திருத்திக்கொள்ள வாய்ப்பிருந்தது. திருத்தம் கூறக்கூடியவர்கள் வேலையிழந்து லீமாவில் தளபாடம் செய்துகொண்டிருந்தனர். அதனை விளக்கும் நூல் அச்சாகியும் வாசகரிடம் போய்ச் சேரவில்லை. தவறு இருபது ஆண்டுகள் நீடித்தது. அதற்கான விலையிற் பெரும் பங்கைச் செலுத்தியோர் வொஷிங்டனின் முன்மண்டபங்களைக் கண்டிராதோர்: கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் அனுப்பப்பட்ட சாதாரணர், அந்நாடுகளின் மக்கள், பங்கீட்டு அட்டையுடன் கொழும்பிலும் கிராமங்களிலும் வரிசையில் நின்றோர். வல்லரசொன்றின் கொள்கை அதன் வாக்காளருக்கு மாத்திரம் உரியதாயினும், அதன் விளைவு அவ்வாறு வரையறுக்கப்படுவதில்லை. சிறிய நாடுகளின் மாணவர் இத்தகைய வரலாறுகளைப் பயிலவேண்டியதன் காரணமும் அதுவே.